பைத்தான் மெமரியை விட மாட்டேன் என்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மெமரி ஏறுகிறது என்றதும் பலரும் முதலில் செய்வது, கோடில் கண்ட இடத்திலெல்லாம் ஜிசி.கலெக்ட்() என்று, அதாவது "குப்பை சேகரிப்பானே (ஜிசி), இப்போதே ஓடு" என்று எழுதி வைப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். குப்பை சேகரிப்பான், அதாவது யாருக்கும் வேண்டாத ஆப்ஜெக்ட்டுகளின் மெமரியை மீட்கும் பகுதி, தன் வேலையைச் செய்யாமல் விட்டதால் மெமரி ஏறுவது ரொம்ப அரிது. பெரும்பாலும் நம் கோடில் எங்கோ ஒரு மூலையில் ஒரு லிஸ்டோ டிக்ஷனரியோ அந்த ஆப்ஜெக்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்திருக்கிற ஒன்றை எந்தச் சேகரிப்பானும் அள்ளாது, அள்ளவும் கூடாது. அதனால் "ஏன் இன்னும் அள்ளவில்லை" என்று கேட்பதை விட்டுவிட்டு "யார் பிடித்திருப்பது" என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கீழே வருவதெல்லாம் சிபைத்தானுக்கு, அதாவது பெரும்பாலோர் பைத்தான் என்று இறக்கி நிறுவுகிற அந்த இன்டர்பிரட்டருக்கு.

அறிகுறிக்குப் போகும் முன் இதை மட்டும் படித்துவிடுங்கள்

சிபைத்தானில் ஒவ்வொரு ஆப்ஜெக்டின் தலையிலும் ஓர் எண் இருக்கிறது: தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஒரு லிஸ்டை உருவாக்கி அதற்கு "அ" என்று பெயர் வைத்தால் கணக்கு 1. "ஆ = அ" என்று எழுதினால் 2. அதையே ஒரு டிக்ஷனரிக்குள் போட்டால் 3. "டெல் அ" என்று எழுதும்போது லிஸ்ட் அழிவதில்லை, கணக்கு 2 ஆகிறது, அவ்வளவுதான். "ஆ"வும் போய், டிக்ஷனரியும் அதை விட்டுவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் ஆன அந்த நொடியே ஆப்ஜெக்ட் போய்விடும், எந்தச் சேகரிப்பானுக்கும் காத்திருக்காது. சிஸ்.கெட்ரெஃப்கவுண்ட்() போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட ஒன்று கூடுதலாகக் காட்டும். அந்த ஃபங்ஷனுக்குள் அனுப்பியதே ஒரு பிடி என்பதால்தான். குழம்ப வேண்டாம்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. தாய் நோடு தன் பிள்ளைகளின் லிஸ்டை வைத்திருக்கிறது, ஒவ்வொரு பிள்ளையும் தாயைத் திருப்பிப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த கடைசிப் பெயரும் போன பிறகும் இவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், கணக்கு பூஜ்யத்துக்கு இறங்காது. இந்தச் சுழற்சிகளை அள்ளத்தான் 2000ஆம் ஆண்டு வந்த பைத்தான் 2.0இல் தனியாக ஒரு சேகரிப்பானைச் சேர்த்தார்கள். அது செய்கிற தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எல்லாருடைய கணக்கையும் நகலெடுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள்ளேயே ஒருவரையொருவர் பிடித்திருக்கிற பிடிகளை ஒவ்வொன்றாகக் கழிக்கிறது. கழித்த பிறகும் யாருக்குக் கணக்கு மிஞ்சுகிறதோ, அவரை வெளியிலிருந்து யாரோ பிடித்திருக்கிறார் என்று பொருள். அவரும், அவர் வழியாக எட்டக்கூடிய எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். மீதி குப்பை. இந்தச் சேகரிப்பான் பார்ப்பது லிஸ்ட், டிக்ஷனரி, கிளாஸ் ஆப்ஜெக்ட் போல இன்னொன்றைப் பிடிக்கக்கூடியவற்றை மட்டும்தான். எண்ணும் ஸ்ட்ரிங்கும் யாரையும் பிடிக்காது, அதனால் அவை இதன் கண்ணிலேயே படுவதில்லை.

அறிகுறி: மெமரி ஏறிக்கொண்டே போகிறது, நிற்பதே இல்லை

மணிக்கணக்கில் ஓடுகிற சர்வரிலோ ஒர்க்கரிலோ இது வரும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, சோதனைக்காக மட்டும் ஜிசி.கலெக்ட்() கூப்பிடுங்கள். அது திருப்பித் தரும் எண், எட்ட முடியாத ஆப்ஜெக்ட்டுகள் எத்தனை கிடைத்தன என்பது. அது லட்சக்கணக்கில் வந்தால் உங்கள் கோடு சுழற்சிகளை நிறைய உருவாக்குகிறது, அல்லது யாரோ எப்போதோ ஜிசி.டிசேபிள்() போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள் (ஜிசி.ஈஸ்எனேபிள்ட்() சொல்லிவிடும்). எண் சின்னதாக வந்து, மெமரியும் இறங்கவில்லை என்றால் சேகரிப்பானை விட்டுவிடுங்கள். யாரோ பிடித்திருக்கிறார்கள்.

அடுத்து ட்ரேஸ்மாலாக், எந்த வரி எவ்வளவு மெமரி ஒதுக்கியது என்று பதிந்துவைக்கும் மாட்யூல். பைத்தான் 3.4இல் இருந்து கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ட்ரேஸ்மாலாக்.ஸ்டார்ட்(25) என்று நிரலின் தொடக்கத்திலேயே போடுங்கள், ஏனென்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒதுக்கிய மெமரி அதற்குத் தெரியாது. அந்த 25, ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் எத்தனை அடுக்கு வரை யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைவில் வைக்க வேண்டும் என்பதற்கு. எதுவும் கொடுக்காவிட்டால் ஒரே ஒரு வரிதான் தெரியும், பல நேரம் அது ஏதோ ஒரு லைப்ரரியின் உள்ளே போய் நிற்கும், உங்களுக்குப் பயன்படாது. நிரல் சூடாகி, கேஷ் எல்லாம் நிரம்பிய பிறகு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு இன்னொன்று. இரண்டையும் கம்பேர்_டூ() மூலம் ஒப்பிட்டால் எந்த வரி வளர்கிறது என்று வரிசையாக வந்துவிடும். இது நிரலை மெதுவாக்கும், தனக்கென்று மெமரியும் எடுக்கும், அதனால் நிஜ சர்வரில் நாள்முழுக்க ஓடவிட்டுவிட வேண்டாம்.

ட்ரேஸ்மாலாக் சொல்வது எங்கே பிறந்தது என்பதை. எங்கே சிக்கியிருக்கிறது என்பதை அது சொல்லாது. இந்த வித்தியாசத்தில்தான் நான் ஒருமுறை இரண்டு நாளைத் தொலைத்தேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெரிய பெரிய கோப்புகளைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும் ஒர்க்கர் ஒன்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது வளர்வது கோப்பைப் படிக்கும் வரி. அந்த ஃபங்ஷனை வரி வரியாகப் பார்த்தேன், அதில் ஒரு தவறும் இல்லை: வரிசைகளை ஒரு லோக்கல் மாறியில் வைக்கிறது, ஏற்றுகிறது, திரும்புகிறது. லோக்கல் மாறி ஃபங்ஷன் முடிந்ததும் போய்விட வேண்டுமே? பிறகு ஜிசி.கெட்_ரெஃபரர்ஸ்() வைத்து, அந்த வரிசை லிஸ்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போனேன். லிஸ்டைப் பிடித்திருந்தது ஒரு ஃப்ரேம், அதாவது ஓடும் ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளை வைத்திருக்கும் பதிவு. ஃப்ரேமைப் பிடித்திருந்தது ஒரு ட்ரேஸ்பேக், பிழை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பதிவு. ட்ரேஸ்பேக்கைப் பிடித்திருந்தது ஓர் எக்செப்ஷன். எக்செப்ஷனைப் பிடித்திருந்தது "பிழைகள்" என்ற லிஸ்ட், மாட்யூலின் மேல்மட்டத்தில், கடைசியில் அறிக்கை அனுப்புவதற்காக யாரோ நல்ல எண்ணத்தில் வைத்தது.

அதாவது, பிழை வந்த ஒவ்வொரு கோப்புக்கும் எக்செப்ஷன் ஆப்ஜெக்டை அப்படியே லிஸ்டில் சேர்த்திருந்தார்கள். எக்செப்ஷன் தன் ட்ரேஸ்பேக்கை விடாது, ட்ரேஸ்பேக் தான் கடந்து வந்த ஒவ்வொரு ஃபங்ஷனின் ஃப்ரேமையும் விடாது, ஃப்ரேம் தன் லோக்கல் மாறிகளை விடாது. ஒரு வரிப் பிழைச் செய்திக்காக முழுக் கோப்பும் மெமரியில் உட்கார்ந்திருந்தது. பைத்தான் 3, "எக்செப்ட் ... ஆஸ் ஈ" என்று எழுதும்போது அந்த பிளாக் முடிந்ததும் "ஈ"யைத் தானே அழித்துவிடுவது இந்தக் காரணத்துக்காகத்தான், ஆனால் நீங்களே அதை வேறெங்காவது சேமித்துவைத்தால் அது என்ன செய்யும்? ட்ரேஸ்பேக்.ஃபார்மேட்_எக்ஸ்சி() மூலம் ஸ்ட்ரிங்காக மாற்றிச் சேமித்தோம். ஒரு வரி மாற்றம். மெமரி வரைபடத்தில் ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது.

கெட்_ரெஃபரர்ஸ் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஃபங்ஷனின் மாறிகளும் ஒரு பிடிதான், அதுவும் பட்டியலில் வரலாம். அதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஆப்ஜெக்ட் அளவைப் பார்க்க சிஸ்.கெட்சைஸ்ஆஃப்() போட்டு ஏமாறவும் வேண்டாம், அது மேல்தோலின் அளவை மட்டும்தான் சொல்லும், லிஸ்டுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காது.

எக்செப்ஷனைத் தவிர, எனக்கு அடிக்கடி மாட்டுகிறவை இவை. மாட்யூல் மட்டத்தில் கேஷ் என்ற பெயரில் ஒரு டிக்ஷனரி, சேர்ப்பதற்கு வழி உண்டு, நீக்குவதற்கு வழி இல்லை. ஃபங்ஷனின் டிஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட் கொடுத்து அதிலேயே அப்பெண்ட் செய்வது. அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் பிறக்கிறது, அப்புறம் கடைசிவரை அதேதான். கிளாஸின் மெத்தட் மேல் எல்ஆர்யூ_கேஷ் (ஃபங்ஷன் தந்த விடைகளை நினைவில் வைக்கும் டெகரேட்டர்) போடுவது இன்னும் மோசம்: செல்ஃப்பும் கேஷின் சாவியில் ஒரு பகுதி, ஆக அந்த ஆப்ஜெக்டே கேஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. டிஃபால்ட் அளவு 128 என்பதால் 128 பேரோடு நிற்கும், ஆனால் மேக்ஸ்சைஸ் நன் (None) என்று கொடுத்திருந்தால் எல்லையே கிடையாது. அப்புறம், ஏதாவது நிகழ்வுக்குக் கால்பேக் (அது நடந்ததும் கூப்பிட வேண்டிய ஃபங்ஷன்) பதிவு செய்துவிட்டு, பதிவை நீக்காமல் விடுவது.

கடைசியாகச் சொன்ன அதற்கு வீக்ரெஃப் நல்ல மருந்து, கணக்கை ஏற்றாமல் பிடிக்கும் பிடி அது. ஆனால் ஒரு மெத்தடை நேராக வீக்ரெஃப்.ரெஃப்() இல் கொடுத்தால் அடுத்த நொடியே அது செத்துவிடும், உங்கள் கால்பேக் சத்தமில்லாமல் ஓடாமல் போகும். ஆப்ஜெக்டின் மெத்தடைத் தொடும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பவுண்ட் மெத்தட் பிறப்பதும், அதை வேறு யாரும் பிடித்திருக்காததும்தான் காரணம். அங்கே வீக்ரெஃப்.வீக்மெத்தட் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: ஒருமுறை ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை

இதை லீக், அதாவது மெமரி கசிவு, என்று நினைத்துத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். முதலில் இந்தச் சோதனை: அதே வேலையை, அதே தரவோடு, பத்து முறை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல்முறை ஏறி, மற்ற ஒன்பது முறையும் அதே மட்டத்தில் நின்றால் அது லீக் இல்லை. ஒவ்வொரு முறையும் படி படியாக ஏறினால் மேலே உள்ள அறிகுறிக்குத் திரும்புங்கள்.

இறங்காததற்குக் காரணம் மெமரி ஒதுக்கும் முறை. 512 பைட் வரையிலான சின்ன ஒதுக்கீடுகளுக்கு சிபைத்தான் ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடம் போவதில்லை. அரீனா என்ற பெரிய துண்டுகளாக மொத்தமாக வாங்கி, தானே வெட்டிக் கொடுக்கிறது. முன்பு ஓர் அரீனா 256 கிலோபைட், பைத்தான் 3.10இல் இருந்து 64 பிட் கணினிகளில் 1 மெகாபைட். ஓர் அரீனா முழுக்கக் காலியானால்தான் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும். அதில் ஆயிரக்கணக்கான சின்ன ஆப்ஜெக்ட்டுகள் இருந்து எல்லாம் போய், ஓரத்தில் ஒரே ஒரு ஸ்ட்ரிங் மட்டும் உயிரோடு இருந்தால் அந்த 1 மெகாபைட்டும் ப்ராசஸின் கணக்கிலேயே நிற்கும். ஆப்ஜெக்டை இடம் நகர்த்தி அடுக்கிவைக்க சிபைத்தானால் முடியாது, ஏனென்றால் சி மொழியில் எழுதிய எல்லாப் பகுதிகளும் அதன் முகவரியை நேராகக் கையில் வைத்திருக்கின்றன.

அந்த இடம் வீணாகவில்லை, அடுத்து வரும் ஆப்ஜெக்ட்டுகள் அதிலேயே உட்காரும். அது உங்களுக்குப் போதும் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். போதாது, ஒரு நாளைக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைக்காக நாள்முழுக்க அத்தனை மெமரியைக் கட்டிப்போட முடியாது என்றால், அந்த வேலையைத் தனி ப்ராசஸில் ஓடவிடுங்கள். ப்ராசஸ் செத்தால் எல்லாமே திரும்பிவிடும், இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. மல்டிபிராசஸிங் பூல் வைத்திருந்தால் மேக்ஸ்டாஸ்க்ஸ்பர்சைல்ட் (இத்தனை வேலை முடிந்ததும் அந்த ஒர்க்கரை மாற்று என்பது) கொடுத்தாலே போதும். உச்சத்தையே குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது: முழுக் கோப்பையும் லிஸ்டாக்காமல் ஜெனரேட்டராக ஒவ்வொரு வரியாகக் கொடுங்கள். நிறைய த்ரெட் ஓடும் லினக்ஸ் நிரல் என்றால் அதன் சி லைப்ரரியான ஜிலிப்சியின் மாலாக்கையும், அதாவது மெமரி ஒதுக்கும் பகுதியையும், சந்தேகப்படுங்கள். அதுவும் தனக்கென்று அரீனாக்கள் வைத்திருக்கிறது, 64 பிட்டில் ஒரு கோருக்கு 8 வரை போகலாம். மாலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: ட்ரேஸ்மாலாக் ஆடாமல் இருக்கிறது, ப்ராசஸின் மெமரி மட்டும் ஏறுகிறது

அப்படியானால் பெரும்பாலும் கசிவு பைத்தானுக்கு வெளியே, சி மொழியில் எழுதிய ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனில். மெம்ரே என்ற மெமரி அளக்கும் கருவி இதற்கு நன்றாக உதவும், சி பக்கத்து (நேட்டிவ்) ஃபங்ஷன்களின் அடுக்கையும் சேர்த்துக் காட்டும்.

எக்ஸ்டென்ஷன் உங்களுடையது என்றால் லிஸ்டில் சேர்க்கும் வரிகளையும் பார்த்துவிடுங்கள், ஆனால் அங்கே கசிவது பைத்தான் ஆப்ஜெக்ட் என்பதால் ட்ரேஸ்மாலாக்கிலும் அது வளர்வது தெரியும். பைலிஸ்ட்_செட்ஐட்டம் உங்கள் கையில் இருக்கும் பிடியை எடுத்துக்கொள்ளும், அதன்பிறகு நீங்கள் கணக்கைக் குறைக்கக் கூடாது. பைலிஸ்ட்_அப்பெண்ட் எடுத்துக்கொள்ளாது, தனக்கென்று ஒன்றை ஏற்றிக்கொள்ளும், ஆக உங்கள் பிடியை நீங்கள்தான் பை_டெக்ரெஃப் போட்டு விட வேண்டும். பெயர்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே சாதி மாதிரி இருக்கும், நடத்தை நேர் எதிர். செட்ஐட்டம் போட்ட இடத்தை அப்பெண்ட்டாக மாற்றிவிட்டு டெக்ரெஃப்பைச் சேர்க்க மறந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆப்ஜெக்ட் கசியும். எதிர்ப்பக்கமாக மறந்தால் கசியாது, வெடிக்கும்.

அறிகுறி: நிரல் சட்டென்று செத்துவிடுகிறது

வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 137 என்றால் யாரோ கில் செய்திருக்கிறார்கள் (128ஓடு சிக்னல் 9), பெரும்பாலும் மெமரி தீர்ந்து லினக்ஸ் கெர்னலே கொன்றிருக்கும், கெர்னல் லாகில் பதிவு இருக்கும். 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டது), சிக்னல் 11. இது வேறு நோய்.

139 வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சி எக்ஸ்டென்ஷனில் எங்கேயோ கணக்கை ஒருமுறை அதிகமாகக் குறைத்திருக்கிறார்கள், ஆப்ஜெக்ட் முன்னமே செத்துவிட்டது, ஆனால் அதை இன்னும் ஒருவர் உயிரோடு இருப்பதாக நினைத்துத் தொடுகிறார். இதில் கொடுமை என்னவென்றால், தவறு நடந்த இடத்தில் நிரல் சாகாது. அந்த இடத்தில் வேறொரு ஆப்ஜெக்ட் வந்து உட்கார்ந்து, அதையும் யாரோ கெடுத்து, பத்து நிமிடம் கழித்து சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனில் விழும். பல நேரம் சேகரிப்பான் ஆப்ஜெக்ட்டுகளைச் சுற்றி வரும்போது கெட்டதை மிதித்து அங்கே விழும், ஸ்டாக்கைப் பார்க்கிறவர் ஜிசியில்தான் பிழை என்று முடிவு கட்டிவிடுவார். இல்லை, அது சாட்சி மட்டும்தான்.

செய்ய வேண்டியது: ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்குங்கள் (பைத்தானை -எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர் என்று ஓட்டினால் போதும்), செத்த நேரத்தில் பைத்தான் எந்த வரியில் இருந்தது என்று தெரியும். அப்புறம் பைத்தான்மாலாக் என்ற சூழல் மாறியை டீபக் என்று வைத்து ஓட்டுங்கள். விடுவித்த மெமரி முழுவதையும் ஒரே மாதிரி பைட்டால் நிரப்பிவைக்கும், 3.8இல் இருந்து அது பதினாறெண் முறையில் டிடி. டீபக்கரில் ஒரு பாயிண்ட்டர் முழுக்க டிடிடிடி என்று தெரிந்தால் செத்த ஆப்ஜெக்டைத் தொட்டிருக்கிறீர்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஜிசி.செட்_திரெஷோல்ட்(1) என்று வைத்து ஓட்டுவதும் உதவும். சேகரிப்பான் அடிக்கடி சுற்றிவரும், பத்து நிமிடம் கழித்து விழுந்தது தவறு நடந்த இடத்துக்கு நெருக்கமாக விழும்.

அறிகுறி: அவ்வப்போது நிரல் ஒரு கணம் நின்று நின்று போகிறது

ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ஜிசி.கால்பேக்ஸ் என்ற லிஸ்டில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தால், சேகரிப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எந்தத் தலைமுறை என்ற விவரத்தோடு அதைக் கூப்பிடும். இரண்டு நேரத்தையும் கழித்து எழுதிவையுங்கள். நிற்கிற நேரமும் இதுவும் பொருந்தவில்லை என்றால் பிரச்சினை வேறு, இந்தப் பகுதியின் மீதியைப் படிக்க வேண்டாம்.

பொருந்தினால்: ஆப்ஜெக்ட்டுகள் வயது வாரியாகத் தலைமுறைகளாகப் பிரிந்திருக்கின்றன, இளையவற்றை அடிக்கடியும் மூத்தவற்றை எப்போதாவதும் பார்க்கும். பல ஆண்டுகளாக எல்லைகள் 700, 10, 10 என்று இருந்தன. பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் ஜிசி.கெட்_திரெஷோல்ட்() கூப்பிட்டு உங்கள் பதிப்பில் என்ன என்று பாருங்கள். மூத்த தலைமுறையைப் பார்ப்பதுதான் செலவு, உயிரோடு இருக்கிற அத்தனை கன்டெய்னர் ஆப்ஜெக்ட்டையும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். பல லட்சம் ஆப்ஜெக்ட்டுகளை மெமரியில் வைத்திருக்கும் நிரலில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிற்கும்.

தொடக்கத்தில் ஏற்றிவிட்டு கடைசிவரை வைத்திருக்கிற தரவுதான் பெரும்பகுதி என்றால், ஏற்றி முடித்ததும் ஒரு கலெக்ட், அப்புறம் ஜிசி.ஃப்ரீஸ்(). பைத்தான் 3.7இல் வந்தது. இருக்கிற எல்லாவற்றையும் சேகரிப்பான் இனி பார்க்காத தனிப் பட்டியலுக்கு நகர்த்திவிடும். முதல் எல்லையை இன்னும் சில ஆயிரங்கள் ஏற்றுவதும் எளிதாகப் பலன் தரும். சேகரிப்பானையே அணைப்பதை நான் கடைசியில்தான் யோசிப்பேன், அதுவும் உங்கள் கோடு மட்டுமல்ல, நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளும் சுழற்சி உருவாக்குவதில்லை என்று அளந்து பார்த்த பிறகுதான்.

ஃபோர்க் செய்து (ஓடும் ப்ராசஸையே நகலெடுத்து) பல ஒர்க்கர்களை ஓட்டும்போது, தாய் ப்ராசஸோடு பகிர வேண்டிய மெமரி ஒவ்வொரு ஒர்க்கரிலும் தனித்தனியாக ஏறுவதற்கும் இதே ஃப்ரீஸ் உதவும். சேகரிப்பான் சுற்றிவரும்போது ஆப்ஜெக்டின் தலையில் எழுதுகிறது, எழுதியதும் அந்த மெமரிப் பக்கத்தைக் கெர்னல் நகலெடுத்துவிடுகிறது. தாயில் ஆரம்பத்திலேயே டிசேபிள், ஃபோர்க் செய்வதற்குச் சற்றுமுன் ஃப்ரீஸ், பிள்ளையில் எனேபிள், இந்த வரிசையில் செய்யுங்கள். முழுக்கத் தீராது, ஏனென்றால் ஓர் ஆப்ஜெக்டைப் படித்தாலே அதன் கணக்கு மாறுகிறது, அதுவும் ஓர் எழுத்துதான். நன், ட்ரூ, சின்ன எண்கள் போன்றவற்றுக்கு மட்டும் பைத்தான் 3.12இல் இருந்து கணக்கு மாறாமல் இருக்கிறது.

அறிகுறி: கோப்பு மூடவில்லை, டெல் மெத்தட் ஓடவில்லை

டெல் மெத்தட் (__del__) என்பது ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடுவது, மேலே பார்த்த "டெல் அ" வேறு. அது ஓடவில்லை என்றால் மேலே சொன்ன பிடிகளில் ஏதோ ஒன்று இருக்கிறது, அல்லது ஆப்ஜெக்ட் ஒரு சுழற்சியில் மாட்டி, சேகரிப்பான் வரும்வரை காத்திருக்கிறது. பைத்தான் 3.4க்கு முன் நிலைமை மோசம், டெல் மெத்தட் உள்ள ஆப்ஜெக்ட் சுழற்சியில் இருந்தால் அதை அள்ளவே அள்ளாது, ஜிசி.கார்பேஜ் என்ற லிஸ்டில் போட்டு வைத்துவிடும். பழைய பதில்கள் பல அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன, 3.4இல் அது தீர்ந்துவிட்டது.

இருந்தாலும் கோப்பு, சாக்கெட், லாக் போன்றவற்றை டெல் மெத்தடை நம்பி விடாதீர்கள். சிபைத்தானில் கணக்கு பூஜ்யமானதும் மூடிக்கொள்ளும் கோப்பு, கணக்கே வைக்காத இன்னொரு இன்டர்பிரட்டரான பைபையில் (PyPy) ஓட்டினால் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. வித் பிளாக்குக்குள் திறவுங்கள். அது முடியாத இடத்தில் வீக்ரெஃப்.ஃபைனலைஸ் போடுங்கள், ஆப்ஜெக்ட் போகும்போது ஓடும், அதற்குள் நிரல் முடிந்துவிட்டால் வெளியேறும்போதாவது ஓடும். அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனோ ஆர்குமென்ட்டுகளோ அந்த ஆப்ஜெக்டையே பிடித்திருக்கக் கூடாது, குறிப்பாக செல்ஃப்பின் மெத்தடைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் நிரல் முடியும்வரை அந்த ஆப்ஜெக்ட் போகவே போகாது.